டியூப் போட்ட பிறகு அடிவயிறு பிடித்து இழுக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெயில் ஏறினால் எனக்கு வரும் கேள்விகளில் யூரின் டியூப் பற்றியவை அதிகமாகிவிடும். இந்த முறை எடுத்துக்கொண்டவை எல்லாம் வடசென்னையிலிருந்து வந்தவை. அதனால் பதிலிலும் பாய், ஷேர் ஆட்டோ எல்லாம் வரும். நான் யூராலஜி வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். மாத்திரை பற்றிய பேச்சு வரும் இடத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

சிஸ்டர், அப்பாவுக்கு 72 வயது. பிராஸ்டேட் வீக்கத்தால் ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டு டியூப் போட்டு ஒரு வாரம் ஆகிறது. திடீர் திடீரென்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு "முட்டுதுடா" என்று துடிக்கிறார். டியூபைச் சுற்றிக் கசிந்து லுங்கியே நனைந்துவிடுகிறது. பேக்கிலும் யூரின் இருக்கிறது. பெரிய டியூபாக மாற்றச் சொல்லலாமா? (தண்டையார்பேட்டை)

பேக்கில் இருப்பது காலையில் வந்த யூரினா, இப்போது வந்துகொண்டிருப்பதா? முதலில் அதைப் பாருங்கள். பேக்கைக் காலி செய்துவிட்டு மணி பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகத் தண்ணீர் குடிப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும். டியூப் எங்கேயும் மடங்கவில்லை, தொடைக்கு அடியில் நசுங்கவில்லை, அப்படியும் இறங்கவில்லை, அடிவயிறு உப்பிக் கெட்டியாகிறது என்றால் அது அடைப்பு. மேலே படிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

யூரின் இறங்குகிறது, ஆனாலும் துடிக்கிறார் என்றால் அது சிறுநீர்ப்பையின் பிடிப்பு. டியூப் வெளியே நழுவாமல் இருக்க அதன் நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். வழக்கமாகப் பத்து மில்லி தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். அது போய் உட்காரும் இடம் சிறுநீர்ப்பையின் கழுத்து. அங்கே உரசினாலே ஒண்ணுக்கு முட்டுவது போலத் தோன்றும். சிறுநீர்ப்பை அதை வெளியே தள்ளப் பார்த்து இறுகுகிறது. அந்த வேகத்தில் யூரின் டியூபின் வெளிப்பக்கமாகக் கசிகிறது. ஆகவே டியூப் சின்னதாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். "பெரிய நம்பர் போடச் சொல்லு" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நம்பர் ஏற ஏற உறுத்தலும் ஏறும். 16 நம்பர் என்றால் டியூபின் குறுக்களவு ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரத்தக் கட்டி எதுவும் வராத பெரும்பாலான ஆண்களுக்கு அது தாராளம்.

டியூபைத் தொடையில் ஒட்டியிருக்கிறீர்களா? வார்டிலிருந்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறவர்களில் பலரிடம் அந்த பிளாஸ்டர் இருக்காது. குளிக்கும்போது பிய்ந்திருக்கும், அப்படியே விட்டிருப்பார்கள். யூரின் நிறைந்த பேக்கின் கனம் முழுக்க அந்த பலூனைக் கீழே இழுக்கும், அப்புறம் பிடிப்பு வராமல் என்ன செய்யும்? அகலமான பிளாஸ்டரை எடுத்து, டியூப் இரண்டாகப் பிரியும் தடித்த இடத்தில் இறுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சமுள்ள இரண்டு வாலையும் தொடையின் மேல்பக்கத்தில் ஒட்டுங்கள். அப்பா காலை நீட்டி அகட்டினாலும் டியூப் இழுபடாத அளவுக்குத் தொய்வு இருக்க வேண்டும். முடி இருந்தால் கத்தரியுங்கள், ஷேவ் வேண்டாம். பிளாஸ்டர் மாற்றும்போது அடுத்த தொடைக்கு மாற்றினால் தோல் புண்ணாகாது.

அடுத்தது மலச்சிக்கல். மோஷன் போய் நாலு நாள் ஆகிறது என்பதை வீட்டுப் பெரியவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் வரும். மலக்குடல் நிறைந்தால் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையையும் டியூபையும் அழுத்தும். முக்கினால் பிடிப்பும் வரும், கசிவும் வரும். கீரை, பழம், தேவைப்பட்டால் டாக்டர் தரும் மலமிளக்கி. மோஷன் ஒழுங்கானதுமே பாதி வலி போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டீயும் சிறுநீர்ப்பையைச் சீண்டும். தெருமுனை டீயை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்துப் பாருங்கள்.

பிடிப்பு வரும் நேரத்தில் முக்கக் கூடாது. மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை, கை தாங்கும் சூட்டில், அடிவயிற்றில் வைக்கலாம்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் வலி நின்றபாடில்லை என்றால்தான் மாத்திரை. ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் ஆகியவை ஒரு வகை. வாய் உலரும், மலச்சிக்கலைக் கூட்டும், வயதானவர்களுக்குச் சில சமயம் புத்தி தடுமாறும். சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது. மிராபெக்ரான் வேறு வகை. அதில் பிபியைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று: டியூபை எடுத்துவிட்டுத் தானாகப் போகிறாரா என்று பார்க்கத் தேதி கொடுத்திருந்தால், இந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று கட்டாயம் கேளுங்கள். சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மருந்தோடு அந்தச் சோதனைக்குப் போனால் மறுபடி அடைத்துக்கொள்ளலாம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது, எல்லோரும் பாயில்தான். மாமியாரின் யூரின் பேக்கைப் பக்கத்திலேயே தரையில் வைக்கிறோம். ராத்திரியில்தான் வலி அதிகம் என்கிறார். (காசிமேடு)

காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. யூரின் தானாக வழிந்து இறங்க, பேக் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். ஆளும் தரையில், பேக்கும் தரையில் என்றால் யூரின் டியூபிலேயே தேங்கும். சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாகாது, உறுத்திக்கொண்டே இருக்கும். தரையில் கிடக்கும் பேக்கின் குழாய் வாயில் அழுக்கும் சேரும்.

ஒரு கட்டில் கடன் வாங்கியாவது போடுங்கள். நாடா கட்டில் இருந்தால் அதுவே போதும், பேக்கைப் பக்கச் சட்டத்தில் தொங்கவிடலாம். அதற்கும் இடமில்லை என்றால் இரண்டு மெத்தைகளை அடுக்கி உயரம் ஏற்றி, சுத்தமான பிளாஸ்டிக் பேசினுக்குள் பேக்கை வையுங்கள். கட்டில் அளவுக்கு வராது, ஆனால் பாயைவிட மேல். படுக்கப் போகும் முன் பேக்கைக் காலி செய்யுங்கள். டியூப் தொடைக்கு மேலாக வரட்டும், அடியில் போகக் கூடாது.

பேக்கை மஞ்சப்பையில் போட்டு ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகிறேன். இறங்கும்போது வலி உயிர் போகிறது. (வியாசர்பாடி)

ஷேர் ஆட்டோ நெரிசலில் அந்த மஞ்சப்பை எங்கே இருக்கும்? மடியில். பேக் மேலே ஏறிவிட்டதால் யூரின் இறங்காது, திரும்பி ஓடவும் கூடும். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது டியூப் இழுபடும். காலில் கட்டும் சின்ன பேக், லெக் பேக் என்று கேட்டால் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். கெண்டைக்காலிலோ தொடையிலோ கட்டி மேலே பேண்ட் போட்டுக்கொள்ளலாம். அரை லிட்டர், முக்கால் லிட்டர்தான் பிடிக்கும், பாதிக்கு மேல் போனதும் காலி செய்துவிடுங்கள். ஏறும் முன் ஒரு முறை காலி செய்வது நல்ல பழக்கம்.

யூரின் டெஸ்டில் ஒவ்வொரு முறையும் கிருமி என்றுதான் வருகிறது. அம்மாவுக்கு மூன்று தடவை ஆண்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது பேக்கே ஊதா நிறமாகிவிட்டது, பயமாக இருக்கிறது. (திருவொற்றியூர்)

மாதக்கணக்கில் டியூப் இருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருடைய யூரினிலும் கிருமி இருக்கும். ரிப்போர்ட்டில் கிருமி தெரிவதும் நோய்த்தொற்று இருப்பதும் ஒன்றல்ல. குளிர் காய்ச்சல், விலாப்பக்கம் வலி, புதிதாக வந்த குழப்பம் அல்லது மந்தம், திடீரென்று கூடிய பிடிப்பு இப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் போங்கள், அதற்கு வைத்தியம் வேண்டும். அப்போதும், நாள்பட்ட டியூபாக இருந்தால் அதை மாற்றிவிட்டுப் புது டியூபிலிருந்து சாம்பிள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பேக்கிலிருந்து எடுத்த சாம்பிளுக்கு அர்த்தமே இல்லை. வாடையும் கலங்கலும் மட்டும் இருந்தால் தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள். ஒன்றும் இல்லாமலேயே ஆண்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் அந்த மருந்து கேட்காது.

ஊதா நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் உள்ள வயதான பெண்களிடம் இதைப் பார்க்கலாம். குடலில் உருவாகி யூரினில் வரும் ஒரு பொருளைக் கிருமிகள் நீலமும் சிவப்புமான சாயங்களாக மாற்றுகின்றன, இரண்டும் சேர்ந்து பேக்கில் ஊதாவாகப் படிகிறது. டியூபையும் பேக்கையும் மாற்றி மலச்சிக்கலைக் கவனியுங்கள். காய்ச்சல் இருந்தால் மட்டும் அவசரம்.

தண்ணீரைக் குறைத்தால் வலியும் குறையும்தானே? (பழைய வண்ணாரப்பேட்டை)

இல்லை, கூடும். கெட்டியான யூரின் எரிச்சலைக் கிளப்பும், உப்பு படிந்து டியூப் அடைக்கவும் வழி செய்யும். இதயக் கோளாறோ கிட்னிக் கோளாறோ இல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர், மே மாத வெயிலில் இன்னும் கொஞ்சம். யூரின் வெளிர் மஞ்சளாக இருந்தால் அளவு சரி. எலுமிச்சை ஜூஸ், பார்லி கஞ்சி எல்லாம் குடிக்கலாம். கிட்னி பழுதானவர்கள் மட்டும் இளநீர், வாழைத்தண்டுச் சாறு இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், பொட்டாசியம் ஏறும்.

தம்பி சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. டியூப் அடைத்தால் வயிறு வலிப்பதில்லை, ஆனால் தலைவலியில் மண்டை வெடிப்பதாகச் சொல்கிறான், முகம் வேர்த்துக் கொட்டுகிறது. (எண்ணூர்)

இந்தக் கடிதங்களில் என்னை உட்கார விடாத கடிதம் இதுதான். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்தால் வலி தெரியாது, அதற்குப் பதில் பிபி தாறுமாறாக ஏறும். தலைவலியும் வேர்வையும் அதன் அடையாளம். விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். உடனே தூக்கி நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணி, பெல்ட் எல்லாவற்றையும் தளர்த்துங்கள், டியூபில் மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பேக்கைக் கீழே இறக்குங்கள். யூரின் இறங்கி தலைவலி அடங்கவில்லை என்றால் 108. ஆம்புலன்ஸில் வருபவரிடம் "முதுகுத்தண்டு அடி, டியூப் அடைப்பு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தம்பிக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

ஆணுறுப்பின் நுனியில்தான் எரிச்சல். டெட்டால் போட்டுக் கழுவுகிறேன். (பெரம்பூர்)

டெட்டாலை நிறுத்துங்கள், எரிச்சலில் பாதி அதுவாகவே இருக்கலாம். சாதாரண சோப்பும் தண்ணீரும், தினம் ஒரு முறை. முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால் திரும்ப முன்னால் கொண்டுவர மறக்காதீர்கள். அப்படியே விட்டால் வீங்கி இறுக்கிக்கொள்ளும். பவுடர் வேண்டாம். உள்ளே பலூன் உறுத்தினாலும் வலி நுனியில்தான் தெரியும், அதனால் முதல் பதிலில் சொன்ன பிளாஸ்டரையும் பாருங்கள்.

டியூபைக் கிளிப் போட்டு மூடி மூடித் திறந்தால் சிறுநீர்ப்பைக்குப் பயிற்சி என்கிறார்களே? (மாதவரம்)

டாக்டர் சொல்லாமல் செய்யாதீர்கள். அதனால் பெரிய பலன் இருப்பதாகத் தெரியவில்லை, பிடிப்பும் கசிவும்தான் வரும்.

ராத்திரியில் வலி தாங்காமல் தாத்தா டியூபைப் பிடுங்கப் பார்க்கிறார். அப்படி வந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. (கொருக்குப்பேட்டை)

பலூன் உப்பியபடியே பிடுங்கினால் ஒண்ணுக்குப் பாதை கிழியும், ரத்தம் வரும். கழன்று வந்துவிட்டால் அதையே திரும்ப நுழைக்காதீர்கள், பிடுங்கிய டியூபைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பலூனும் நுனியும் முழுசாக வந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். உங்கள் பகுதிக்கு ஸ்டான்லிதான் பக்கம், அவசரச் சிகிச்சைப் பிரிவு ராத்திரியும் இருக்கும். யூரின் நின்றுபோனாலோ, கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வழக்கமாக டியூப் மாற்றுவதற்கு வேறு வழி கேட்டுப் பார்க்கலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவுச் சேவை உண்டு. உங்கள் வட்டார நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாத்தாவின் பெயரைப் பதிந்துவிட்டு, டியூப் மாற்றவும் வருவார்களா என்று கேளுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும். டியூப் எந்த நம்பர், எந்தத் தேதியில் போட்டது, சாதா ரப்பரா சிலிக்கானா என்று அவர்கள் கேட்பார்கள். சாதா டியூப் சில வாரங்கள்தான் தாங்கும், முழு சிலிக்கான் என்றால் மூன்று மாதம் வரை போகும்.