பாம்பரோவைப் பார்த்தாயிற்று, டன்ஸ்டன்பர்க்குக்கும் போக வேண்டுமா?

வடகிழக்கு இங்கிலாந்தில் பாம்பரோ கோட்டையைப் பார்த்துவிட்டீர்கள், அதே கடற்கரையில் இடிந்து கிடக்கும் டன்ஸ்டன்பர்க்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் போங்கள். பாம்பரோவைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த இடம் நன்றாகப் புரியும். அன்று பாம்பரோ அரசருடைய கோட்டை. டன்ஸ்டன்பர்க்கை 1313-இல் கட்டத் தொடங்கிய லங்காஸ்டர் பிரபு தாமஸ், அரசர் இரண்டாம் எட்வர்டின் சித்தப்பா மகன். ஆனால் பரம விரோதி. முந்தைய ஆண்டுதான் அரசரின் நெருங்கிய நண்பர் கேவ்ஸ்டனைக் கொன்றதில் தாமஸுக்குப் பெரும் பங்கு இருந்தது. அப்படிப்பட்டவர், அரசரின் கோட்டையிலிருந்து பார்த்தால் தெரியும்படி இதை எழுப்பினார். 1322-இல் கலகம் தோற்று, அவர் தலை போனது.

கார் கோட்டை வரை போகாது. க்ராஸ்டர் என்ற மீனவ ஊரில் நிறுத்திவிட்டு, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு புல்வெளியில் சுமார் 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இந்த நடையைத் தவறவிடாதீர்கள். வாசலின் இரட்டைக் கோபுரங்கள் முதலிலிருந்தே தெரிகின்றன. நடக்க நடக்க உயர்ந்துகொண்டே வருகின்றன. கோட்டையைச் சுற்றி ஏரிகள் வெட்டியிருந்தார்கள். இன்று பெரும்பாலும் சதுப்புதான், ஆனால் கோபுரங்கள் தண்ணீரில் தெரிந்த காலத்தை நினைத்துக்கொண்டே நடந்தேன். பாதுகாப்புக்கு மட்டுமல்ல, வருகிறவர் அசந்துபோக வேண்டும் என்றே கட்டியது இது என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே பெரும்பாலும் புல்தான். வாசல் கட்டடத்தில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். 1380-களில், அப்போது கோட்டையை வைத்திருந்த லங்காஸ்டர் பிரபு ஜான் ஆஃப் கான்ட் அதன் வழியை அடைத்து, பக்கத்திலேயே வேறு வாசல் வைத்தார். பிறகு 15-ஆம் நூற்றாண்டில், அரச குடும்பத்தின் இரண்டு கிளைகள் அரியணைக்காக மோதிக்கொண்ட ரோஜாப் போர்களில் முற்றுகைகள். அதற்கப்புறம் சரியாகப் பழுதுபார்க்க ஆளில்லை. வடக்கே செங்குத்தான கருங்கல் பாறை. கோடையில் அங்கே கடற்பறவைகள் கூடு கட்டிக் கத்தும் சத்தத்தில் பேசுவதே கேட்காது.

காற்று பலமாக அடிக்கும், ஜாக்கெட் அவசியம். கோட்டையில் கழிப்பறை இல்லை, க்ராஸ்டரிலேயே போய்விடுங்கள். குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் குறைவு என்பதால் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தெம்பிருந்தால் வடக்கே எம்பிள்டன் கடற்கரை வரை நடந்து திரும்பிப் பாருங்கள். கோட்டையின் லில்பர்ன் கோபுரம் அங்கிருந்துதான் மிக அழகு. க்ராஸ்டர் திரும்பியதும், ஓக் மரப் புகையில் வாட்டிய கிப்பர் மீனையும் சாப்பிட்டுவிடுங்கள்.