பர்மாவின் மலைவாழ் இனமான லாஹு மக்களின் உழவர் குடும்பங்கள் கிறிஸ்தவ ஊழியர்களுடன் நெருங்கியது எப்படி?

மதப் பிரசாரமே காரணம் என்பது பாதி விடைதான். 1901-இல் பர்மாவின் கெங்டுங் நகரில் பணியைத் தொடங்கிய அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர் வில்லியம் மார்கஸ் யங்கைத் தேடி, 1904 முதல் லாஹு மக்கள் மலையிலிருந்து கூட்டங்கூட்டமாக இறங்கி வந்தார்கள். படைப்புக் கடவுளான கூஷாவைப் பற்றிய அறிவை ஒருவர் கொண்டுவருவார் என்ற எதிர்பார்ப்பு அவர்களிடம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

ஆனால், தனியொரு குடும்பத்துடனான நட்பு கெட்டிப்படுவது, என் பார்வையில், அடுப்படியில்தான். கால்நட்டு உயர்த்திய மூங்கில் வீட்டில், மண்குடுவையில் இலையை வறுத்துக் காய்ச்சிய கசப்புத் தேநீரை முகம் சுளிக்காமல் பருகி, புத்தாண்டுக்கு இடித்த பசையரிசிப் பலகாரத்தை உடனமர்ந்து உண்டு, மலைச்சரிவில் காடெரித்து விதைத்த நெல்லின் விளைச்சலை அக்கறையோடு விசாரிக்கும் ஊழியரிடமே அக்குடும்பம் நோயையும் கடனையும் மனம்விட்டுப் பேசும்.