ஆர்ச்டாப் கிட்டார் ஆர்டர்: முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்கலாமா?

கேள்வி: பல வருடமாக ஜாஸ் வாசிக்கிறேன். எனக்கென்றே ஒரு ஆர்ச்டாப் கிட்டார், அதாவது மேற்பலகை வளைவான கிட்டார், செய்யச் சொல்லலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். 17 அங்குல உடல், செதுக்கிய மேற்பலகை வேண்டும். கைவினைஞரிடம் நேராகக் கேட்டால் இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்கிறார். ஒரு விற்பனையாளரோ அதே கைவினைஞரின் கிட்டாரை எட்டே மாதத்தில் வாங்கித் தருகிறேன், முழுத் தொகையையும் இப்போதே கட்டிவிட்டால் விலையும் ஏறாது என்கிறார். 'டிரிபிள் ஏ' தர மரமாம், பழைய பிரேசில் ரோஸ்வுட்டில் ஃபிரெட்போர்டாம் (விரல் வைத்து அழுத்தும் பலகை). அவர் கேட்கும் விலை நியாயமானதா? நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். எட்டு மாதம் என்ற பேச்சை அந்தக் கைவினைஞரிடமே எழுதிக் கேளுங்கள். அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை அது வெறும் வாய்ப்பேச்சுதான்.

விலையை முதலில் பார்ப்போம். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை மெல்லிய தட்டைப் பலகை. ஆர்ச்டாப்பில் அப்படி இல்லை. கனமான ஸ்ப்ரூஸ் துண்டுகள் இரண்டை ஒட்டி, வயலின் செய்வதுபோல வெளியே வளைவாகச் செதுக்கி, பிறகு உள்ளேயும் குடைய வேண்டும். மரத்தில் பெரும்பகுதி சீவலாகவே போய்விடும். பின்பலகைக்கு மேப்பிளில் இதே வேலை இன்னொரு முறை. கம்பிகளின் அழுத்தம் முழுவதும் அவற்றைத் தாங்கும், ஒட்டப்படாத ஒரு பிரிட்ஜ் வழியாக மேற்பலகையில் இறங்குவதால், கனம் கொஞ்சம் கூடினால் சத்தம் அடைத்துப் போகும், குறைந்தால் பலகை உள்வாங்கும். தட்டிப் பார்த்துப் பார்த்துச் சீவும் இந்த நேரத்துக்குத்தான் நீங்கள் பணம் தருகிறீர்கள். மொத்த விலையில் மரத்தின் பங்கு பெரும்பாலும் சிறியதுதான். அதனால் விலைப் பட்டியலில் மரத்தின் தரத்துக்கென்று பெரிய தொகை போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

'டிரிபிள் ஏ' என்பதற்கு எல்லோரும் ஏற்ற பொது அளவுகோல் கிடையாது. மரம் விற்பவர் ஒவ்வொருவரும் தன் கடைக்குத் தானே போட்டுக்கொள்ளும் தரம் அது, அதுவும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் அழகை வைத்து. பின்பலகை மேப்பிளில் ஓடும் வரிகள் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஒலியைப் பற்றி அவை எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

இதைவிடப் பெரிய பொறி 'சாலிட் டாப்' என்ற சொல். சாலிட் என்றால் ஒட்டுப்பலகை இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். மெல்லிய முழுமரப் பலகையைச் சூடாக்கி அச்சில் அழுத்தி வளைத்தாலும் அது சாலிட்தான். அதில் செதுக்கும் வேலையே இல்லை. செதுக்கிய கிட்டாருக்கான விலையை இதற்குக் கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 'மேற்பலகையும் பின்பலகையும் முழுமரத்திலிருந்து செதுக்கியவை' என்று எழுதி வாங்குங்கள். முரட்டு வேலையை எந்திரம் செய்தால் குற்றமில்லை. கடைசிக் கனத்தை யார் கை தீர்மானிக்கிறது என்பதுதான் கேள்வி.

டிரம்ஸோடு உரக்க வாசிப்பவர்களுக்கு ஒட்டுப்பலகைக் கிட்டாரே போதும். 1949-இல் கிப்சன் நிறுவனத்தின் இ.எஸ்.175 என்ற ஒட்டுப்பலகைக் கிட்டார் வந்ததிலிருந்து எத்தனையோ ஜாஸ் கலைஞர்கள் அதில்தான் வாசித்திருக்கிறார்கள். நீங்கள் கேட்பது அது இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இனி அந்த விற்பனையாளர். கைவினைஞரின் வரிசையில் சில இடங்களை முன்கூட்டியே பிடித்து வைத்து, அவற்றைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றுவது இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். இதனால் உங்களுக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, அந்தக் கிட்டாரின் அளவுகளை விற்பனையாளர் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார். உங்கள் கைக்கென்று செய்கிறோம் என்ற பேச்சே அங்கே அடிபட்டுப் போகிறது. இரண்டாவது இன்னும் மோசம். நீங்கள் பணம் கட்டியது கடைக்கு, கைவினைஞருக்கு அல்ல. அந்தப் பணம் கைவினைஞரிடம் போய்ச் சேர்ந்ததற்கு உங்களிடம் எந்த அத்தாட்சியும் இருக்காது. நாளைக்குக் கடை மூடினால் கடன்காரர்கள் வரிசையில் நீங்களும் ஒருவர். கைவினைஞர் கதவைத் தட்டினால் 'உங்களிடம் நான் ஒன்றும் வாங்கவில்லையே' என்பார், அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். இப்படிச் சேமிப்பைத் தொலைத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. மரத்தைக் கையில் பிடிக்கிறவருக்கே பணம் கொடுங்கள், அவர் பெயரிலேயே ரசீது வாங்குங்கள்.

எவ்வளவு கொடுக்கலாம்? முன்பணமாக மொத்தத்தில் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. செதுக்கிய பலகைகளின் படம் வந்ததும் இன்னொரு பகுதி. மிச்சம் கிட்டார் முடிந்த பிறகு. கையில் வாங்கி வாசித்துப் பார்க்கச் சில நாள் அவகாசம், பிடிக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பது, இரண்டையும் முன்பணம் கட்டும் முன்பே பேசி முடியுங்கள்.

ஆர்டரில் நீங்கள் தலையைப் போட்டு யோசிக்க வேண்டியது பிக்அப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி. மேற்பலகையைத் தொடாமல் நெக்கின் (கழுத்தின்) முனையிலோ, பிக்கார்டு என்ற காப்புத் தகட்டிலோ தொங்கும் பிக்அப் என்றால் மரம் முழுசாக அதிரும், மைக் இல்லாமலும் நன்றாகக் கேட்கும். ஆனால் ஆம்ப்ளிஃபயரை ஏற்றினால் சீக்கிரம் ஊளையிடும். மேற்பலகையை வெட்டிப் பதிக்கும் பிக்அப்பில் அந்தத் தொல்லை குறைவு, அக்கூஸ்டிக் சத்தமும் குறைவு. உள்ளே ஒட்டும் பிரேஸ்களின் (தாங்கு சட்டங்களின்) இடத்தையும் பலகையின் கனத்தையும் இதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். வெட்டிய பிறகு மனம் மாறினால் வழியில்லை. நீங்கள் எங்கே, யாரோடு வாசிக்கிறீர்கள் என்று கைவினைஞருக்கு விவரமாக எழுதுங்கள். ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்), நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) அகலம், நெக்கின் வடிவம் ஆகியவற்றுக்கு இப்போது உங்கள் கைக்குப் பழகிய கிட்டாரை அளந்து அனுப்பினால் போதும். ஃபிரெட்போர்டில் உங்கள் பெயரைப் பதிக்கச் சொல்ல வேண்டாம். அதற்கும் காசு, விற்கும்போதும் நஷ்டம்.

சரி, அந்தப் பிரேசில் ரோஸ்வுட். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை 1992-இல் இந்த மரத்தைத் தன் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், சேர்த்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் குடும்பத்தின் மற்ற வகைகள் அத்தனையும் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. கிட்டார் உலகமே திணறிய பிறகு, 2019 நவம்பரில் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 'சட்டம்தான் மாறிவிட்டதே' என்று விற்பனையாளர் சொன்னால், அது இந்த விலக்கை வைத்துத்தான். ஆனால் அது இரண்டாம் பட்டியலில் உள்ள ரோஸ்வுட்களுக்கு மட்டும். பிரேசில் ரோஸ்வுட்டுக்குக் கிடையாது. கிட்டார் புதிதாக இருந்தாலும், அந்த மரம் அதில் ஒரு மெல்லிய பட்டையாக இருந்தாலும், எல்லை தாண்டி வாங்கவோ விற்கவோ காகிதம் வேண்டும். 1992-க்கு முன் வெட்டிய மரம் என்று நிரூபித்தால் வழி உண்டு. அதற்கும் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு ஆதாரம் வேண்டும். யாரோ பட்டறையில் எப்போதோ அறுத்து அடுக்கி வைத்த பலகைக்கு எந்த ரசீதைக் கொண்டுபோய்க் காட்டுவது? சில மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைக்காக ஏற்றுமதி அலுவலகம் இறக்குமதி அலுவலகத்தைக் கைகாட்டும், அது இதைக் கைகாட்டும். மாதக்கணக்கில் கிட்டார் கிடங்கில் கிடக்கும், பறிமுதலும் ஆகலாம். காடு காக்கப்பட வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நேர்மையாக விண்ணப்பிப்பவரை இப்படி அலைக்கழிப்பதால் எந்த மரமும் பிழைப்பதில்லை என்பதுதான் என் ஆத்திரம். எபனி (கருங்காலி) கேளுங்கள். ஆர்ச்டாப் செய்வதில் பேர்போன நியூயார்க் கைவினைஞர் டி'ஆஞ்செலிகோவின் பெரிய கிட்டார்களில் இருப்பதே எபனிதான். நட் தந்தத்தில் வேண்டாம், எலும்பு போதும்.

விலை ஏறாது என்ற ஆசை வார்த்தைக்கும் மயங்க வேண்டாம். ஆர்டர் எடுக்கும் நாளின் விலையே கடைசி விலையா என்று கைவினைஞரிடமே கேளுங்கள். ஆம் என்று எழுதிக் கொடுத்தால் விற்பனையாளர் உங்களுக்குத் தருவதற்கு எதுவும் மிச்சமில்லை. அப்புறம், அதே கடிதத்தில் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: கண்காட்சிக்கென்று செய்ததோ, வேறு யாரோ ஆர்டர் கொடுத்துப் பின்வாங்கியதோ, 17 அங்குலத்தில் முடிந்த கிட்டார் ஏதாவது அவர் பட்டறையில் இருக்கிறதா என்று.