வீட்டில் வீணைப் பதிவு: 192 வேண்டாம், 24 பிட்டை விடாதீர்கள்

கேள்வி: நான் வீணை வாசிக்கிறேன், மகள் பாடுவாள். வீட்டிலேயே பதிந்து யூடியூபில் போடவும், எங்களுக்கென்று வைத்துக்கொள்ளவும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) மைக்கும் வாங்கினோம். பெட்டியில் '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கிறது. கடைக்காரர், "எப்போதும் 192-லேயே வையுங்கள்" என்றார். கம்ப்யூட்டரில் 44.1, 48, 96, 192 என்று வரிசையாக இருக்கிறது. கூடவே 16 பிட், 24 பிட், 32 பிட் ஃப்ளோட். எதை வைப்பது? போன வருடம் 44.1, 16 பிட்டில் பதிந்ததெல்லாம் வீண்தானா?

பதில்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அப்படி வைத்துவிட்டு இன்றைக்கே வாசிக்க உட்காருங்கள். காரணத்தையும் தெரிந்துகொண்டால் அடுத்து யார் எதைச் சொன்னாலும் குழப்பம் வராது.

சாம்பிள் ரேட் என்பது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்ற கணக்கு. போட்டோவில் புள்ளிகள் கூடக்கூடப் படம் தெளிவாகிறது. ஒலியும் அப்படித்தான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒலியின் கணக்கு வேறு. ஓர் அதிர்வெண்ணைப் பிடிக்க, அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே அளந்தால் போதும். அந்த அலையை அப்படியே திரும்ப வரவழைத்துவிடலாம், நடுவில் எதுவும் விட்டுப்போகாது. 1928-ல் நைக்விஸ்ட் அடித்தளம் போட்டு, 1949-ல் ஷானன் நிறுவிய கணிதம் இது. நம் காது எட்டுவது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற அதுவும் குறையும். 44.1-ல், அதாவது நொடிக்கு 44,100 முறை அளந்து பதிந்தாலே, அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரை வந்துவிடுகிறது. 192-ல் கூடுதலாகக் கிடைப்பது யார் காதிலும் விழாத பகுதி. உங்கள் மைக்கோடு வந்த தாளைப் பாருங்கள், அதிலேயே பெரும்பாலும் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்றுதான் இருக்கும்.

இதைக் கேட்டுப் பார்த்தும் சோதித்திருக்கிறார்கள். உயர்தர ஒலியையும், அதையே சிடி தரத்துக்குள் புகுத்தி எடுத்த ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து, மேயரும் மோரனும் 2007-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் அவ்வளவுதான் வரும். 2016-ல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது சரியான பதில் சுமார் 52 சதவீதம் வந்தது. ஆகவே துளியும் வித்தியாசமில்லை என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தால் கேட்கும் மாற்றம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

44.1 ஏன் இல்லை என்றால், நீங்கள் யூடியூபுக்குப் போகிறீர்கள், வீடியோ உலகம் 48-ல் நடக்கிறது. அந்த 44.1 என்ற விநோத எண், டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்துவந்த நாட்களில் டேப்பின் கோடுகளுக்குப் பொருந்துமாறு அமைந்து, பிறகு சிடியில் ஏறியது. சிடி மட்டும்தான் போடப் போகிறீர்கள் என்றால் 44.1-லேயே பதியலாம், ஒரு குறையும் இல்லை.

192-க்கு விலை உண்டு. ஒரு மைக்குக்கு 48-ல் நிமிடத்துக்கு 8.64 எம்பி, 192-ல் 34.56 எம்பி. ஸ்டீரியோவில் 192-ஐ வைத்தால் சுமார் 62 நிமிடத்தில் சாதாரண வேவ் ஃபைலின் 4 ஜிபி எல்லையைத் தொட்டுவிடும். கச்சேரி போல நீளமாக வாசிக்கும் நாளில் அது நடுவில் வந்து நிற்கும்.

நிஜமாகப் பயப்பட வேண்டியது ரேட் மாறிப்போவதற்குத்தான். 44.1-ல் பதிந்ததை 48 என்று நினைத்து மென்பொருள் ஓட்டினால் சுருதி ஒன்றரை அரைஸ்வரம் அளவுக்கு ஏறிவிடும். உங்கள் மகள் 5 கட்டையில் பாடியது ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே, எந்தச் சுருதிப்பெட்டியோடும் சேராமல் நிற்கும். 10 நிமிடப் பாட்டு 9 நிமிடம் 11 நொடியில் முடிந்துவிடும். என் பெரியம்மா பாடிய விருத்தம் ஒன்றை இப்படித்தான் பல மாதம் தவறான சுருதியில் கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் ஏன் சின்னப் பெண் குரல் போல இருக்கிறது என்று யோசித்து, தம்புராவோடு வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதனால் இன்டர்ஃபேஸின் செட்டிங், விண்டோஸின் சவுண்ட் செட்டிங், பதியும் மென்பொருளின் ப்ராஜெக்ட் செட்டிங், மூன்றிலும் 48,000 இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி பிட் டெப்த், அதாவது ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறோம் என்பது. இங்கேதான் உங்களுக்கு உண்மையான லாபம். மிக உரத்த ஒலிக்கும் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்று கணக்கு. 16 பிட்டில் 96 டெசிபல், 24 பிட்டில் ஏட்டளவில் 144. வீட்டு இன்டர்ஃபேஸ்கள் நடைமுறையில் 110, 120 வாக்கில் நின்றுவிடும். அதுவே தாராளம்.

ஒரே மீட்டில் நாலு ஸ்வரத்தை இழுத்து வாங்கும்போது, நாலாவது ஸ்வரம் எவ்வளவு மெலிந்து வரும் என்பது உங்கள் விரலுக்குத் தெரியும். 16 பிட்டில் அதைச் சுத்தமாகப் பிடிக்க, கெயினை (மைக்கின் ஒலியைத் தூக்கும் அளவை) உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். அதே நேரம் மகள் தாரஸ்தாயிப் பஞ்சமத்தைப் பிடித்தால் மீட்டர் சிவப்பில் முட்டும். கிளிப் ஆன, அதாவது எல்லையைத் தாண்டி உச்சி வெட்டுப்பட்ட குரலை எந்த மென்பொருளும் பழையபடி ஆக்கித் தராது. கெயினைக் குறைத்துப் பதிந்து பிறகு தூக்கினாலோ, ஸ்வரத்தோடு 16 பிட்டின் இரைச்சலும் மேலே வரும். 24 பிட்டில் இந்த இழுபறியே இல்லை. மிக உரத்த இடம் மீட்டரின் உச்சமான பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும், மைனஸ் 18 ஆனாலும் பரவாயில்லை. பின்னால் தூக்கும்போது கேட்பது உங்கள் அறையின் சத்தம்தான். ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் அடங்கியபின் தொடங்குங்கள். எந்த எண்ணும் தராத பலனை அது தரும்.

32 பிட் ஃப்ளோட் மென்பொருளுக்கு உள்ளே நடக்கும் கணக்குக்கு நல்லது, அங்கே அப்படியே இருக்கட்டும். ஆனால் உங்கள் பெட்டி 24 பிட்தான். மைக் நுழைகிற இடத்தில் கிளிப் ஆனதை ஃப்ளோட் ஃபைல் காப்பாற்றாது. எல்லாம் முடிந்து சிடிக்காக 16 பிட்டுக்கு இறக்கும்போது மட்டும் 'டிதர்' என்ற தேர்வை ஆன் செய்யுங்கள். அது சேர்க்கும் நுண்ணிய இரைச்சல், மெல்லிய ஒலிகள் கரகரத்து உடையாமல் பார்த்துக்கொள்ளும். யூடியூபுக்கான வீடியோவில் சேர்க்க 24 பிட் வேவையே கொடுக்கலாம்.

போன வருடப் பதிவுகள் வீணே இல்லை. 44.1, 16 பிட் என்பது சிடியின் தரம். அவற்றை 192-க்கு மாற்றினால் ஃபைல்தான் பெருக்கும், புதிதாக ஒன்றும் சேராது. இருக்கிறபடியே இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் பிரதி எடுத்து வையுங்கள். கிளிப் ஆன பாட்டு ஏதாவது இருந்தால் அதை மட்டும் மறுபடி பதியுங்கள்.