சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஸ்மார்ட் பிளக் வாங்கி விளக்கு, மின்விசிறி, சமையல் சாதனம் எல்லாவற்றையும் தானாக இயங்க வைக்கலாமா? கொடுக்கும் காசுக்குப் பயன் உண்டா?

எல்லாவற்றையும் என்றால் முடியாது. சிலவற்றை இயங்க வைக்கலாம். அந்தச் சில எவை என்பதில்தான் எல்லாரும் காசை விடுகிறோம். நான் ஈசூனில் ஒரு நான்கறை வீட்டில் அம்மா, கணவர், பள்ளிக்குப் போகும் மகன் ஆகியோருடன் இருக்கிறேன். சுவருக்கும் சாதனத்துக்கும் நடுவில் மாட்டி, கைத்தொலைபேசிச் செயலியால் இயக்கும் இந்த ஸ்மார்ட் பிளக்கில் மூன்று ஆண்டுகளில் ஏழு வாங்கினேன். இன்று நான்கு வேலை செய்கின்றன. இரண்டு இழுப்பறையில் கிடக்கின்றன. ஒன்று குப்பைக்குப் போய்விட்டது. அதன் கதை கீழே வரும்.

முதலில் ஒரு விஷயம். இதை நான் மூன்றாவது பிளக் வாங்கிய பிறகுதான் புரிந்துகொண்டேன். ஸ்மார்ட் பிளக்கிற்குப் பொருந்துவது மக்குச் சாதனம். பிளக்குக்குத் தெரிந்தது ஒரே வேலை: மின்சாரத்தை விடும், நிறுத்தும். உள்ளே ரிலே என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. செயலியைத் தொட்டதும் ‘டக்’ என்று கேட்கிறதே, அது அந்த ரிலேயின் சத்தம். மின்சாரம் வந்த பிறகு ஓடுவதா, சும்மா இருப்பதா என்பது சாதனத்தின் பாடு. அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும் பொத்தான், திருகினால் திருகிய இடத்தில் நிற்கும் குமிழ் ஆகியவை உள்ள சாதனம் மின்சாரம் வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். தொடுபொத்தான், ரிமோட், எண்திரை என்று இருக்கும் சாதனமோ மின்சாரம் வந்தாலும் உங்கள் கட்டளைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

சோதிக்கக் காசு வேண்டாம். சாதனத்தை ஓட விடுங்கள். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துப் பத்து விநாடி கழித்துப் போடுங்கள். தானாக ஓடினால் ஸ்மார்ட் பிளக் வாங்கலாம். ஓடாவிட்டால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் 1, 2, 3 என்று பொத்தான் உள்ள பழைய நிற்கும் மின்விசிறி தேறியது. அதைவிட மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய ரிமோட் மின்விசிறி தேறவில்லை.

அம்மாவின் வானொலிக்கு முதல் வகுப்பில் தேர்ச்சி. திருகு குமிழ் வைத்த பழைய பெட்டி. முள் எப்போதும் ஒலி 96.8 தமிழ் வானொலியிலேயே நிற்கும். காலை 5.45-க்கு ஓடவும் 8 மணிக்கு அணையவும் நேரம் குறித்து வைத்தேன். கண் விழித்தவுடன் இருட்டில் குமிழைத் தேடாமல் பாட்டு வருகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. வீட்டில் நான் செய்த தானியங்கி வேலைகளில் அவர் பாராட்டியது இது ஒன்றைத்தான்.

விளக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நம் வீடுகளில் கூரை விளக்குக்குப் பிளக்கே கிடையாது. கம்பி சுவருக்குள்ளேயே சுவிட்சுக்குப் போய்விடுகிறது. ஆகவே ஸ்மார்ட் பிளக் தொடக்கூடியது மேசை விளக்கு, நிற்கும் விளக்கு, சாமி அலமாரியில் இருக்கும் சிறு மின்விளக்கு, தீபாவளிச் சரவிளக்கு ஆகியவற்றை மட்டும். கூரை விளக்கும் வேண்டுமென்றால் ஸ்மார்ட் பல்ப் போடலாம். அல்லது சுவர்ச் சுவிட்சையே மாற்றலாம். சுவிட்சை மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. பல வீவக வீடுகளில் விளக்குச் சுவிட்சின் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, வந்திருக்காது; நியூட்ரல் தேவைப்படாத வகையைப் பார்த்து வாங்க வேண்டும். சுவருக்குள் கை வைக்கும் வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். நான் அந்த வழிக்கே போகவில்லை. வரவேற்பறை மூலையில் ஒரு நிற்கும் விளக்கை வாங்கி வைத்தேன், முடிந்தது.

இனி சுவர்ச் சுவிட்ச். அமெரிக்காவில் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்குச் சுவிட்ச் கிடையாது. நமக்கு ஆங்கிலேயர் விட்டுப்போன மூன்று முனைப் பிளக், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச். அந்தச் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பிளக் வெறும் பிளாஸ்டிக் கட்டிதான். எங்கள் வீட்டில் அந்த ‘யாராவது’ அம்மா. ஐம்பது ஆண்டுப் பழக்கம்: அறையை விட்டு வெளியே வரும்போது கை தானாகச் சுவர்ப் பக்கம் போகும். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து செயலியைப் பார்த்தால் நான்கு பிளக்குகளும் ‘இணைப்பில் இல்லை’ என்று சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஒரு வாரம் பொறுத்தவர், ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் கணவரைக் கேட்டேவிட்டார். “மாப்பிள்ளை, இந்தச் சுவிட்சை நான் அணைக்கலாமா, கூடாதா? உங்கள் மனைவி கூடாது என்கிறாள். ஆளில்லாத அறையில் மின்சாரம் ஓடினால் யார் கட்டுவது?”

ஒட்டுநாடா போட்டுப் பார்த்தோம், பிய்த்துவிட்டார். கடைசியில் வழி கண்டுபிடித்ததும் அவரேதான். தம்முடைய ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து நான்கு சிவப்புப் பொட்டுகளை எடுத்து, அணைக்கக்கூடாத நான்கு சுவிட்சுகளிலும் ஒட்டினார். பொட்டு வைத்ததைத் தொடக்கூடாது, வைக்காததைத் தொடலாம். அன்றிலிருந்து சிக்கல் இல்லை. வீட்டுக்கு வரும் உறவினர்கள் சுவிட்சுக்கு எதற்குப் பொட்டு என்று கேட்கிறார்கள். ஒருவர் வெள்ளிக்கிழமைப் பூசை செய்தீர்களா என்றே கேட்டார்.

குப்பைக்குப் போன பிளக்குக்கு வருகிறேன். அதை இஸ்திரிப் பெட்டிக்கு மாட்டியிருந்தேன். அணைத்தேனா இல்லையா என்ற சந்தேகம் எம்ஆர்டி ரயில் ஏறிய பிறகுதான் எனக்கு வரும். கைத்தொலைபேசியிலிருந்தே அணைத்துவிடலாம் என்பது எண்ணம். எண்ணம் சரி, பிளக் தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மகனின் ஐந்து நாள் சீருடையையும் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ கருகும் நாற்றம் வந்தது. சட்டையைத் திருப்பிப் பார்த்தேன், சட்டை நன்றாகத்தான் இருந்தது. சுவர்ப் பக்கம் குனிந்தால் பிளக்கின் வெள்ளை முகம் துளைகளைச் சுற்றித் தேநீர்க் கறை போலப் பழுத்திருந்தது. தொட்டேன், சுட்டது.

பிறகு பின்புறத்து எழுத்தைப் படித்தேன்: 10 ஆம்பியர். என் இஸ்திரிப் பெட்டி 2,400 வாட். நம் மின்னழுத்தம் 230 வோல்ட். 2,400-ஐ 230-ஆல் வகுத்தால் பத்தரை ஆம்பியருக்குப் பக்கத்தில் வருகிறது. இஸ்திரிப் பெட்டியின் சொந்தப் பிளக்கில் ஃபியூஸ் இருக்கிறதே, அது ஏன் காப்பாற்றவில்லை என்று கணவர் கேட்டார். அந்த ஃபியூஸ் 13 ஆம்பியர். அதைப் பொறுத்தவரை பத்தரை ஆம்பியர் சாதாரண ஓட்டம்; நடுவில் ஒரு 10 ஆம்பியர் ஆள் மூச்சுத் திணறுவது அதற்குத் தெரியாது. மூன்று முனை பொருந்திவிட்டது என்பதால் தாங்கும் என்று நினைத்தது என் தவறு. 13 ஆம்பியர் என்று எழுதிய பிளக்குகள் கிடைக்கின்றன. அவற்றின் எல்லை ஏறத்தாழ 3,000 வாட். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரொட்டி சுடும் அடுப்பு போன்ற சூடேற்றும் சாதனம் எதுவானாலும் அதன் வாட் எண்ணைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் அன்றே முடிவு செய்தேன். சூடேற்றும் எதையும் தூரத்திலிருந்து அணைக்க மட்டும் பிளக் பயன்படலாம், ஓட வைக்கக்கூடாது. ஆளில்லாத வீட்டில் இஸ்திரிப் பெட்டி துணிமேல் சாய்ந்து கிடக்கிறதா என்று பிளக்குக்குக் கண் கிடையாது.

சமையலைக் கேட்டீர்கள் என்பதால் சோற்றுப் பானையையும் சொல்லிவிடுகிறேன். கீழே தட்டும் நெம்புகோல் உள்ள சாதாரண மின்சோற்றுப் பானை சோதனையில் தேறும். நெம்புகோலைத் தட்டி வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் காந்தம் பிடித்துக்கொள்ளும், மின்சாரம் வந்தவுடன் வேகத் தொடங்கும். கணவருக்கு ஆசை வந்துவிட்டது. காலை 8 மணிக்கு அரிசி களைந்து நீர் ஊற்றி வைத்தார், மாலை 6 மணிக்கு ஓடும்படி நேரம் குறித்தார். நம் ஊர் வெயிலில் பத்து மணி நேரம் ஊறிய அரிசி! மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. அம்மா எதுவும் பேசாமல் கோப்பிக் கடைக்குக் கிளம்பிவிட்டார். அந்தப் பிளக் இப்போது இழுப்பறையில் இருக்கிறது.

ஏர்கான், குளியலறைத் தண்ணீர் சூடேற்றி இரண்டையும் மறந்துவிடுங்கள். அவை தனிக் கம்பியில், தனிச் சுவிட்சில் நேரடியாக இணைக்கப்பட்டவை. மாட்டுவதற்குப் பிளக் இல்லை. குளிர்பதனப் பெட்டிக்கு மாட்ட முடியும், மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். நாளடைவில் ரிலேயின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளலாம். அதைவிட, யாரோ செயலியில் தவறாகத் தொட்டுவிட்டால் மீனும் தோசை மாவும் போச்சு.

மின்கட்டணம் குறையுமா என்றால், என் கணக்கைப் பாருங்கள். என்னுடைய ஒரு பிளக் மின்சாரத்தை அளந்து காட்டும் வகை. தொலைக்காட்சி, அதன் பெட்டி, ஒலிபெருக்கி மூன்றும் அணைந்த நிலையில் 11 வாட் இழுத்தன. இரவில் எட்டு மணி நேரம் முழுமையாகத் துண்டித்தால் மாதத்துக்கு இரண்டரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல் மிச்சம். யூனிட் 30 காசு என்று வைத்தால் 80 காசு. பிளக்கே எந்நேரமும் வைஃபையில் இருப்பதால் ஒரு வாட் அளவு தின்கிறது, அதற்கு 20 காசு. கையில் நிற்பது 60 காசு. பிளக் விலை 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டரை ஆண்டு கழித்துத்தான் போட்ட காசு திரும்பும். மிச்சத்துக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

பொருத்துவதில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் வைஃபை. இந்தப் பிளக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில பிளக்குகள் முதல் இணைப்பில் திணறும். அந்த ஐந்து நிமிடத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வைத்தால் சேர்ந்துவிடும். புதிய வீடுகளில் வீட்டுப் புகலிடம் (ஆபத்து நேரத்தில் ஒதுங்கும் அறை) வேறு இருக்கிறது. 1998-இலிருந்து சட்டப்படி வந்த அந்தக் கனத்த கான்கிரீட் சுவருக்குள் ரவுட்டரை வைத்துக் கதவையும் சாத்திவிட்டு, படுக்கையறைப் பிளக் சேரவில்லை என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் என் தங்கை.

‘சூரியன் மறையும்போது விளக்கை ஏற்று’ என்று ஒரு வசதி செயலியில் இருக்கும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது பெரிய வரம். நாம் நிலநடுக்கோட்டின் பக்கத்தில் இருக்கிறோம். ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.45-க்கும் 7.20-க்கும் இடையில்தான். 7 மணி என்று போட்டுவிட்டால் போதும். சொல்லப்போனால் ஒரே நேரத்தில் ஏற்றி ஒரே நேரத்தில் அணைக்க வேண்டிய சாமி விளக்குக்கோ சரவிளக்குக்கோ, சுற்றிவரப் பல் வைத்த பழைய வகை 24 மணி நேர டைமரே போதும். விலை குறைவு, கடவுச்சொல் கேட்காது.

வாங்கும்போது இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். ஒன்று, பதிவெண்ணுடன் கூடிய சிங்கப்பூர்ப் பாதுகாப்புச் சின்னம். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து மலிவாக வரும் பிளக்குகள் பலவற்றில் அது இருக்காது. என்னுடைய 10 ஆம்பியர் பிளக்கிலும் இல்லை. இன்னொன்று, இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் கொண்டுவந்த முத்திரை. அதில் நான்கு நிலைகள் உண்டு. ஒரே கடவுச்சொல்லை எல்லாப் பெட்டிகளுக்கும் போட்டு அனுப்பும் வேலை முதல் நிலையிலேயே அடிபட்டுவிடும்.

வாங்கியதும் ஒரே பிளக்கை ஒரு விளக்கில் மாட்டி, நேரம் குறித்துவிட்டு, ரவுட்டரை அணைத்துப் பாருங்கள். குறித்த நேரத்தில் விளக்கு எரிந்தால் பிளக் தன் நினைவிலேயே நேரத்தை வைத்திருக்கிறது, இன்னும் வாங்கலாம். எரியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் எங்கோ இருக்கும் கணினியைக் கேட்டுத்தான் நடக்கிறது. ரசீது இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போன டிசம்பரில் எங்கள் வீட்டில் ஒரு நாள் இணையம் விடியற்காலையில் போய்விட்டது. மகனும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் ரவுட்டரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். 5.45-க்கு அம்மாவின் அறையிலிருந்து பாட்டுக் கேட்டது.