கிறீம் பூசினால் வற்றுகிறது, விட்டால் வருகிறது

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது, கொழுந்து பறிப்பவர். இடது முலைக்காம்பில் நான்கு மாதமாக அரிப்பு, செதில். சில நாள் உடுப்பில் இரத்தக் கறை. கட்டி எதுவும் இல்லை. பார்மசி கிறீமுக்கு வற்றித் திரும்ப வருகிறது. புற்றுநோயா? மார்பை எடுக்க வேண்டி வருமா? (மஸ்கெலியா வாசகி)

பதில்: கிறீமை நிறுத்துங்கள், டியூபை மட்டும் எறியாமல் டொக்டரிடம் காட்டுங்கள். பேஜட் நோய் என்ற அரிய மார்பகப் புற்றுநோய் இப்படித்தான் தொடங்கும். சாதாரண எக்ஸிமா பெரும்பாலும் இரண்டு பக்கமும், காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் வரும். பேஜட் நோய் ஒரே பக்கத்தில், காம்பிலேயே தொடங்கிப் பிறகு வட்டத்துக்குப் பரவும். ஸ்டீரொயிட் கிறீம் சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், புற்றுக்கலத்தைத் தொடாது. உடுப்பு உரசிய புண், மழையில் நனைந்த புண் என்று சமாதானம் சொல்லியே மாதங்கள் போய்விடுகின்றன.

டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் காட்டி, சர்ஜிகல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். மரக்கச் செய்து, காம்பின் தோலில் சில மில்லிமீற்றர் வெட்டியெடுக்கும் பயொப்சிதான் முடிவு சொல்லும். மெமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) ஸ்கேனும் தேவைதான். ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: மெமோகிராம் நோர்மல் என்றாலும் பயொப்சி வேண்டும். கட்டி இல்லாவிட்டாலும் வேண்டும். நோய் காம்போடு நிற்கும்போது படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "நோர்மல்" என்ற தாளை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

நாட்டெண்ணெய்க்காரரை விடுங்கள். அதைவிட மோசம், "டேட் எடுத்துத் தருகிறேன்" என்று வரும் தரகர். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் நம்பருக்குக் காசில்லை. இரத்தத்துக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள் என்று அலையவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பேர் (ஒரு நாள் கூலி) இழக்க வைத்தால் தரகருக்குப் பிழைப்பு நடக்காமல் என்ன செய்யும்?

மார்பு முழுவதும் எடுக்க வேண்டுமா என்பது உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. காம்புக்கு அருகில் மட்டும் என்றால் காம்பு, கருவட்டம், அடியிலுள்ள திசுவை எடுத்துவிட்டு, சில வாரங்கள் கதிர்சிகிச்சை கொடுப்பார்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் அந்த வசதி உண்டு. உள்ளே பல இடங்களில் இருந்தால் முழு மார்பும் போகும். அக்குள் நெறியையும் சோதிப்பார்கள். புற்றுக்கலத்தில் ஹோர்மோன் ஏற்பியும் ஹெர்-2 என்ற புரதமும் இருக்கிறதா என்று சோதனை செய்தார்களா எனக் கேளுங்கள். மருந்து அதை வைத்துத்தான் முடிவாகும்.

பயொப்சி ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் வரும். அதைப் போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள். மூலப்பிரதியை கிளினிக் டொக்டரைத் தவிர வேறு யாருடைய கையிலும் கொடுக்காதீர்கள்.