ஒரே கல்லுக்கு மூன்று எண்கள்

கேள்வி: சமையலறையில் புதிதாகச் சிவப்புக் கிரனைற் மேடை போட்டோம். கிரனைற்றில் இருந்து கதிர்வீச்சு வரும் என்று யாரோ சொன்ன நாளில் இருந்து மாமியார் அந்தப் பக்கமே போவதில்லை. அவரைச் சமாதானப்படுத்துவதற்காகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 18,500 ரூபாய் கொடுத்து ஒரு கதிர்வீச்சு மீற்றர் வாங்கினேன். மேடையில் வைத்தால் மணித்தியாலத்துக்கு 0.15 மைக்ரோசீவர்ட் என்கிறது. பொத்தானை அழுத்தினால் அதுவே 15 ஆகிவிடுகிறது. கனடாவில் இருந்து வந்திருக்கும் மைத்துனரின் பழைய மீற்றர் 17 என்கிறது. கடைக்காரரோ, "நூறு வரைக்கும் பயமில்லை" என்கிறார். எதை நம்புவது? மீற்றரைத் திருப்பிக் கொடுக்கலாமா?
(வெள்ளவத்தை வாசகர்)

பதில்: மூன்றையும் நம்பலாம். நம்பக் கூடாதது கடைக்காரரின் நூறு மட்டும்தான். அவர் அலகு சொல்லவில்லை. மணித்தியாலத்துக்கு நூறு மைக்ரோரெம் (ரெம் என்பது சீவர்ட்டுக்கு முந்திய பழைய அலகு) என்று நினைத்துச் சொல்லியிருந்தால் அது ஒரு மைக்ரோசீவர்ட், பதற ஒன்றுமில்லை. நூறு மைக்ரோசீவர்ட் என்று நினைத்திருந்தால், அந்த இடத்தில் பத்து மணித்தியாலம் இருப்பவருக்கு ஒரு மில்லிசீவர்ட் சேர்ந்துவிடும். பொதுமக்களுக்கு, இயற்கையில் கிடைப்பதற்கு மேலாக, வருடம் முழுவதற்கும் வகுக்கப்பட்ட வரம்பே அவ்வளவுதான்.

உங்கள் பொத்தான் செய்தது சீவர்ட்டை ரெம்மாக மாற்றியதுதான். ஒரு சீவர்ட் 100 ரெம், ஆகவே 0.15 மைக்ரோசீவர்ட் 15 மைக்ரோரெம். செட்டியார் தெரு நகைக்கடையில் ஒரு பவுண் என்றாலும் 8 கிராம் என்றாலும் சங்கிலி ஒன்றுதானே. உறிஞ்சிய சக்தியை அளக்கும் கிரேயும் அதன் பழைய அலகான ராட்டும் அப்படித்தான்: ஒரு கிரே 100 ராட்.

மைத்துனரின் மீற்றர் விடயம் வேறு. அதன் திரையில் ரோஞ்சனுக்குரிய எழுத்து இருக்கும், பாருங்கள். ரோஞ்சன் என்பது, கதிர் காற்றில் எவ்வளவு மின்னேற்றத்தை உண்டாக்குகிறது என்ற கணக்கு. கிரே என்பது, ஒரு கிலோ பொருள் எவ்வளவு சக்தியை உறிஞ்சுகிறது என்ற கணக்கு. கிலோவுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு கிரே. ரோஞ்சனை அரிசி அளக்கும் பழைய கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொத்து எத்தனை கிலோ என்று கேட்டால், உள்ளே இருப்பது அரிசியா அவலா என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். ஒரு ரோஞ்சனுக்குக் காற்று உறிஞ்சுவது 8.77 மில்லிகிரே, உடலின் மென்மையான தசைக்கு அது 9.6 அளவில் வரும். காற்றின் கணக்கை எடுத்தால் 17 மைக்ரோரோஞ்சன் 0.149 மைக்ரோகிரே ஆகிறது. உங்கள் 0.15 அதுவேதான். மனக்கணக்குக்கு 100 மைக்ரோரோஞ்சன் ஒரு மைக்ரோசீவர்ட் என்று வைத்துக்கொண்டாலும் குடி முழுகிவிடாது.

நடுவில் கிரேயைச் சீவர்ட்டாக்கிவிட்டேனே என்று கேட்பீர்கள். ஒரு கிலோ வெண்டிக்காயும் ஒரு கிலோ செத்தல் மிளகாயும் தராசுக்கு ஒன்று, வயிற்றுக்கு வேறு. சீவர்ட் வயிற்றின் கணக்கு, அதாவது உறிஞ்சிய கதிர் உடலை எவ்வளவு பாதிக்கும் என்பது. கிரனைற்றில் இருந்து வந்து மீற்றருக்குள் நுழைவது பெரும்பாலும் காமாக் கதிர். கிரேயைச் சீவர்ட்டாக்க அதற்குப் பெருக்கம் 1, எனவே இரண்டும் ஒரே எண். அல்ஃபா என்ற இன்னொரு வகைக் கதிருக்குப் பெருக்கம் 20. ஆனால் அது தோலைத் தாண்டாது, உங்கள் மீற்றரில் கதிரை உணரும் குழாய்க்குள்ளும் பெரும்பாலும் நுழையாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது மில்லியும் மைக்ரோவும். மைக்ரோவின் அடையாளம் இடப்பக்கம் வால் நீண்ட எழுத்து. மில்லிக்கு வெறும் 'எம்'. பயறு அளவு எழுத்தில் அந்த வால் தெரியாமல் போனால் ஆயிரம் மடங்கு பிழை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்து, மீற்றரின் முதுகில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

எண் ஒரு நிமிடம் 0.12, மறு நிமிடம் 0.18 என்று தாவினால் அது பழுது அல்ல. இத்தகைய மீற்றர், கதிர் குழாய்க்குள் உண்டாக்கும் மின் துடிப்புகளை எண்ணி, கையேட்டில் உள்ள ஒரு பெருக்கத்தால் சீவர்ட்டாக்குகிறது. நிமிடத்துக்கு 23 துடிப்பு என்றால், 23இன் வர்க்கமூலமாகிய ஐந்தளவுக்கு ஏறி இறங்குவது இயல்பு. பத்து நிமிடம் வைத்தால் 230 துடிப்பு. தடுமாற்றம் 15, அதாவது ஏழு வீதம்கூட இல்லை. ஆகவே மேடையில் பத்து நிமிடம், மண்டபத்தின் நடுவில் பத்து நிமிடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிரனைற்றின் பங்கு. மற்றதெல்லாம் மண்ணும் சுவரும் வானமும் தருவது.

மொத்த 0.15ஐயும் கல்லின் தலையில் கட்டி, வருடத்தின் 8,760 மணித்தியாலத்தையும் மேடைமேலேயே கழித்தாலும் 1.3 மில்லிசீவர்ட். இயற்கையில் இருந்து மனிதருக்கு வருடத்துக்குக் கிடைப்பதன் உலகச் சராசரி 2.4, அதில் மீற்றருக்குத் தெரியாத, மூச்சோடு உள்ளே போகும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் உணவும் அடக்கம். நம் நாட்டு மண்ணிலும் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. புல்மோட்டை, பேருவளை மணலில் தோரியம் கொண்ட மொனசைற் கனிமம் இருக்கிறது. தோரியனைற் என்ற கனிமத்தை 1904இல் இலங்கையில் கண்டறிந்தவரே ஆனந்த குமாரசுவாமிதான். கலை வரலாற்று அறிஞராகவே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். இங்கே கனிம ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் என்பதை மறந்துவிட்டோம்.

திருப்பிக் கொடுப்பதற்குக் காரணம் இல்லை, மீற்றர் சரியாகவே வேலை செய்கிறது. பெட்டியில் சொன்னபடி அது இயங்காவிட்டால், உத்தரவாதத்துக்கு மாறான பொருள் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள்; வழி கேட்க அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஒருகொடவத்தையில் உள்ள இலங்கை அணுசக்திச் சபை இத்தகைய கருவிகளை அளவுதிருத்தம் செய்து தருகிறது. ஆனால் மாமியாரைச் சமாதானப்படுத்த வாங்கிய மீற்றருக்கு அந்தச் செலவு வீண் என்பேன். மண்டபத்து எண்ணையும் மேடை எண்ணையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.